முப்பத்தாறுக்கும் முப்பதுக்கும் நடுவில்

புதுப்பேட்டையில் ஸ்டீயரிங் தண்டுக்கு
எடை பார்ப்பதில்லை, முகம் பார்த்து விலை.
என் முகத்துக்கு எழுநூறு சொன்னார் மஸ்தான்.
எந்த வண்டியோடது என்றேன்.
"நெத்தியில வாங்குன வண்டி மேடம்.
தண்டு மட்டும் தப்பிச்சிருச்சு."
கிரீஸைத் துடைத்து
ஒரு பல்லின் தலையில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து
எண்ண ஆரம்பித்தேன்.
கூவத்திலிருந்து காற்று வந்துவிடக் கூடாதே என்று
எல்லோரும் வேண்டிக்கொள்ளும் மதியம்.
இருபத்தொன்றில் ஒரு மீன்பாடி வண்டி ஹாரன் அடித்து
எண்ணிக்கையைத் தட்டிவிட்டது.
மறுபடி பொட்டிலிருந்து.
முப்பத்தாறு.

பெரம்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே
கதவில்லை, கூரையில்லை,
குழாய்ச் சட்டமாய் நிற்கிறது என் கார்.
துணி காயப்போட வசதி என்கிறார்கள் இரண்டாம் மாடியில்.
அதன் பினியனில் முப்பது பல்.

"சுத்தியால ரெண்டு போடு, இறங்கிடும்"
என்றான் எட்வின்.
இறங்கும்தான்.
முதல் வளைவு வரை பிடித்தும் இருக்கும்.
நான் இரவு ஷிப்டில் டயாலிசிஸ் மெஷின் பார்க்கிறவள்.
குழாயும் குழாயும் சேருமிடத்தை
"இறங்கிடும்" என்று விட்டுவிட்டு வந்து
ஒரு நாளும் தூங்கியதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது தெரு.
நேற்றைய மழை ஷட்டர் வாசலில் இன்னும் போகாமல் நிற்கிறது.
வயர்கட் மெஷின் வைத்திருக்கும் குணவதி
என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
ஒரே உருளை, ஒரு முனையில் முப்பத்தாறு,
மறுமுனையில் முப்பது.
"கம்பி இந்தப் பக்கம் நுழைஞ்சா அந்தப் பக்கம் வரும்.
ஒரே ஒடம்புல ரெண்டு வாய் வராது.
தனித்தனியா அறுத்துத் தரேன்,
நீங்க சேத்துக் கட்டிக்குங்க."

தலைமுடி கனத்தில் பித்தளைக் கம்பி.
தண்ணீருக்குள், தொடாமலே,
பொறி பொறியாக உருக்கைத் தின்றது.
பதினேழாம் பல்லில் கரன்ட் போனது.
இருட்டில் இரண்டு பேரும் டீ குடித்தோம்.
வந்ததும் கம்பி
விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது,
சண்டையை மறந்தவர்களைப் போல இல்லாமல்
சரியாக அதே சொல்லிலிருந்து.

இரண்டு வட்டு, நடுவில் ஆறு போல்ட்.
ஒவ்வொரு கழுத்திலும் ஒரு பிளவு,
பிளவை இறுக்க ஒரு குறுக்கு போல்ட்.
ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம்.
காம்பவுண்டுக்குள் பன்னிரண்டு அடி முன்னே,
பன்னிரண்டு அடி பின்னே.
ரோட்டுக்குப் போக இன்னும் ஆயிரம் கையெழுத்து பாக்கி.
சக்கரங்கள் நேராகப் போயின,
ஸ்டீயரிங் மட்டும் இடதுபக்கம் சாய்ந்து
எதையோ ஒட்டுக்கேட்டது.
ஆறு டிகிரி.

தண்டில் ஒரு பல் நகர்த்தினால் பத்து.
இப்போது வலதுபக்கம் நாலு.
பினியனில் ஒரு பல் என்றால் பன்னிரண்டு.
"சாஞ்சா என்ன, ஓடுதுல்ல" என்றான் எட்வின்.
அசோசியேஷன் செயலாளர் பத்மாசனி அம்மாள்
பால்கனியிலிருந்து அதையே சொன்னார்,
கடைசிச் சொல்லை மட்டும் கேள்வியாக்கி.

மூன்றாம் படுக்கைக்காரர் தூங்கிவிட்டார்.
மணி மூன்று.
ரத்தம் ஒரு குழாயில் போய் ஒரு குழாயில் வந்துகொண்டிருந்தது.
கையுறைப் பெட்டியின் அட்டையில் எழுதினேன்:
பன்னிரண்டில் பத்து போனால் இரண்டு.

இரண்டு!

பினியனில் ஒரு பல் முன்னே,
தண்டில் ஒரு பல் பின்னே,
மிச்சம் இரண்டு டிகிரி.
மூன்று தடவை செய்தால் ஆறு.
இரண்டு பக்கமும் முப்பத்தாறாக இருந்திருந்தால்
எப்படித் திருப்பினாலும் பத்து பத்தாகத்தான் தாவியிருக்கும்.
சாய்ந்தது சாய்ந்ததுதான்.
மஸ்தானிடம் நான் பேசிய பேச்சை நினைத்துச்
சத்தமில்லாமல் சிரித்தேன்.
படுக்கைக்காரர் கண் திறந்து
"முடிஞ்சிருச்சாம்மா?" என்றார்.
இன்னும் நாற்பது நிமிஷம் என்றேன்.

காலையில் யூனிஃபார்மோடே சட்டத்துக்குள் நுழைந்தேன்.
பழைய இடத்துக்குத் திருப்பி, அங்கிருந்து
மூன்று பல் முன்னே, மூன்று பல் பின்னே.
இறுக்கிவிட்டு எழுந்தபோது
ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி
எதிர்ச்சுவரின் செங்கல் வரிசையோடு ஒத்துப்போனது.
சிவப்புப் பொட்டு கழுத்துக்குள் எங்கேயோ.
எந்தத் திசையில் இருக்கிறதென்று
இனி கழற்றினால்தான் தெரியும்.